தொட்டுப் பார்க்கும் மேசை

குழந்தைகளின் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வியர்வையோ எச்சிலோ மூக்குச்சளியோ, ஏதோ ஒன்று. பெற்றவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. எனக்குப் படும். அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடத் திட்டம் வகுப்பதுதான் என் வேலை. அவர்கள் போன பிறகு கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கிறவளும் பெரும்பாலும் நானே. வேறு யார் துடைத்தாலும் எனக்குத் திருப்தி வராது.

என் பழைய திட்டம் எளிமையானது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பறவையின் முன்னால் நிற்க வேண்டும். பேசக் கூடாது. பார்த்ததை அப்புறம் வரைய வேண்டும். பல வருடங்கள் ஒழுங்காக நடந்தது. பிறகு புது இயக்குநர் வந்தார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். "பிள்ளைங்க தொட்டுப் பாத்தாதான் கத்துக்கும். ஒரு மேசை போடுங்க, எல்லாத்தையும் எடுத்து வெளிய வைங்க," என்றார். என் திட்டத்தை மௌன விரதம் என்று கூட்டத்தில் வைத்துக் கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மேசை போட்டேன். சங்கு, மான்கொம்பு, பாடம் செய்த அணில். கொஞ்ச நாளிலேயே அணிலின் வால் மொட்டையாகிவிட்டது. சங்கின் வாய்க்குள் யாரோ மென்ற மிட்டாயைத் துப்பி வைத்திருந்தார்கள். அதை நான்தான் விரலால் நோண்டி எடுத்தேன். இன்றும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பிசுபிசுப்பு விரலில் இருப்பது போலவே இருக்கிறது. இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "குழந்தைங்கதானே மேடம்," என்று அதற்கும் சிரித்தார்.

ஏதாவது ஒன்று நடந்தால்தான் இந்த ஆளுக்கு உறைக்கும் என்று தோன்றியது. கோபத்தில் தோன்றவில்லை. நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தோன்றியது.

விலங்குகளைப் பாடம் செய்து பராமரிக்கிறவரை நாங்கள் பஞ்சண்ணன் என்போம். சட்டையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் அறையில், பூட்டிய அலமாரிக்குள், மிகப் பழைய ஆந்தை ஒன்று இருந்தது. வயிற்றுத் தையல் விட்டுப்போய் வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. "கையுறை இல்லாம கிட்டயே போகாதீங்கம்மா," என்று எனக்குச் சொல்லியிருந்தார். "அந்தக் காலத்துல பூச்சி அரிக்காம இருக்க உள்ள பாஷாணம் தடவுவாங்க. இதுல அள்ளி அப்பியிருக்காங்க."

பஞ்சண்ணன் விடுப்பில் போனார். சாவி அலுவலகத்தில் இருந்தது.

ஆந்தையை மேசையின் நடுவில் வைத்தேன். பாடத்துக்கு 'உள்ளே என்ன இருக்கிறது?' என்று பெயர். வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்து, இறகா, பஞ்சா, வைக்கோலா என்று ஊகிக்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, நான் வகுத்ததிலேயே பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பாடம் அதுதான். அடுத்தது தின்பண்ட இடைவேளை. நடுவில் கை கழுவக் கொஞ்சம் நேரம் விடுவது வழக்கம். அன்றைக்கு அதை எடுத்துவிட்டேன். குழாயடியில் தள்ளுமுள்ளு, தரையெல்லாம் தண்ணீர், பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

"எல்லாம் பாத்துட்டீங்கல்ல, பிள்ளைங்களுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்று இயக்குநர் கேட்டார். "இருபது வருஷமா இந்த வேலைதானே சார் பண்றேன்," என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஒரு சிறுமி மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. விரல் சூப்புகிற பிள்ளை. விரலை ஆந்தைக்குள் விடுவாள், வாயில் வைப்பாள், திரும்பவும் ஆந்தைக்குள் விடுவாள். எச்சில் முழங்கை வரை ஒழுகியது.

"மிஸ், உள்ள மாவு இருக்கு," என்றாள்.

"சமத்து," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பேருந்திலேயே வாந்தி எடுக்கத் தொடங்கினார்களாம். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. மேசையை எடுத்துவிட்டார்கள். இயக்குநர் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை என்று கேள்வி.

ஒரு வயிற்று வலியோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். நான் பிள்ளைகளை வெறுக்கிறவள் இல்லை. என் தங்கை மகளும் அதே வகுப்புதான். அன்று காலை தங்கைக்குப் போன் செய்து, "பாப்பாவ இன்னைக்கு அனுப்பாத," என்றேன்.

"ஏன்க்கா? ஆசையா ஷூ மாட்டிட்டு வாசல்ல நிக்கிறா."

"அழுதா அழட்டும். அனுப்பாத."

இதை உங்களிடம் சொன்னவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அதில் வருத்தமில்லை. பெற்ற பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த அக்காவை ஜெயிலில் பார்க்க ஒரு தடவைகூட அவள் வரவில்லையே, அதுதான் மனசுக்கு ஆறவில்லை.