ஒரு கிண்ணம் மாவு எத்தனை கிராம்?

— நேத்து ஒரு கிண்ணம் மாவு நூத்தித் தொண்ணூறு கிராம். இன்னிக்கு அதே கிண்ணம் இருநூத்தி முப்பது. எதை எழுதட்டும் அத்தை?

— ரெண்டையும் எழுது மருமகளே யங்ரான். முந்நூறு வருஷத்து வெண்கலக் கிண்ணம், உன் தராசுக்கு அடங்குமா?

— கிண்ணம் ஒண்ணும் பண்ணல. நேத்து அள்ளிப் போட்டீங்க, இன்னிக்கு அமுக்கி அடைச்சீங்க.

— பரம்பரைக் கை. அமுக்கணும்னு தோணுனா அமுக்கும்.

— பரம்பரைக் கை பத்திரிகைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா? "அரைக் கப்பு மாவு அம்பது கிராம்னா அரைக் கப்பு தேனும் அம்பதுதான், கப்பு ஒண்ணுதானே"ன்னீங்க. படிச்சுச் செஞ்சவங்களுக்குப் பலகாரம் செங்கல்லாயிருச்சு. தேகு டவுன்ல ஒரு அம்மாவுக்குப் பல்லே போச்சாம்.

— அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிட்டிருந்திருக்கும்.

— தேன் கனம் அத்தை. அதே அரைக் கப்பு நூத்தி இருபத்தஞ்சு கிராம் நிக்கும்.

— ரொம்பப் படிச்சவ. இப்படி வெடுக்குனு பேசித்தான் என் பையனைப் பூசானுக்கு விரட்டிட்ட.

— அவர் வேலைக்குப் போனாரு. போக முடியாம கெடக்குறது நான்தான், ஆறு வருஷமா. மாசம் ஒரு முன்னோர் படையல், படையலுக்கு நானூறு தேன் பலகாரம். "ஆண்டோங் ஊர்ப் பெரிய வீட்டுப் பக்குவம் எழுத்துல அடங்காது"ன்னு பங்காளிங்க என்னை விட மாட்டேங்குறாங்க. கிராம்ல எழுதிட்டா ஆள் வெச்சுச் செஞ்சுக்கலாம், நான் புருஷன்கிட்டப் போயிருவேன். உண்மையைச் சொல்லுங்க. டிவிக்காரங்க வந்தாலோ நான் தராசை எடுத்தாலோதான் இந்தக் கிண்ணம் அலமாரிய விட்டு இறங்குது. நெசமா எதுல அளக்குறீங்க?

— …கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு.

— அரிசிப் பானைக்குப் பின்னால பாரு.

— காகிதக் கப்பு! மிஷின் காபிக் கப்பா அத்தை?

— மெதுவா! என் கொழுந்தன் வாசல்லயே உக்காந்திருக்கான். இவ்வளவு நேரமும் அவன் காதுக்குத்தான் பேசினேன்.

— முந்நூறு வருஷப் பரம்பரை?

— கிண்ணம் என் மாமியா காலத்துலயே விழுந்து நசுங்கி, கொல்லன் தட்டி நிமித்தினது. அளவு அன்னிக்கே போச்சு. கப்பு அப்படியா? ஒண்ணு போனா இன்னொண்ணு, எல்லாம் ஒரே மாதிரி. எழுதிக்க. மாவு அஞ்சு கப்பு.

— தலை தட்டி… ஐந்நூறு கிராம்.

— தேன் முக்கால் கப்பு. நல்லெண்ணெய் அரை. சாராயம் அரை.

— நூத்தித் தொண்ணூறு. எண்பத்து மூணு. எண்பத்தாறு. உப்பு?

— அரை ஸ்பூன். சோறு திங்குற ஸ்பூன்தான், வேற ஸ்பூன் இந்த வீட்டுல ஏது?

— ஆறு கிராம். முடிஞ்சுது அத்தை. முடிஞ்சே போச்சு!

*

— அத்தை, நேத்துப் படையல்ல வெச்சது முழுக்க என் தராசுப் பலகாரம்.

— தெரியும். கொழுந்தன் என்ன சொன்னான்?

— கண்ணை மூடிக்கிட்டு, "இது எங்க அண்ணி கை, எந்தத் தராசுக்கும் சிக்காது"ன்னாரு. எச்சி வேற ஒழுகுச்சு.

— அதுக்கப்புறம்தான் உன் தாளைக் கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். எழுத்துல அடங்கும்னு எல்லாப் பங்காளியும் ஒத்துக்கிட்டாங்க.

— நெசமாவா! இருங்க, இவருக்குப் போன் போடுறேன்.

— பொறு. ஆள் வெக்கக் கூடாதாம். வெளியாள் கை பட்டா முன்னோர் தொட மாட்டாங்களாம். வீட்டு மருமக ஒருத்தி செய்யணும். ஆனா தாள் இருக்குறதால இனிமே ரெண்டு பேரு தேவையில்ல, ஒருத்தி போதும்னுட்டாங்க.

— அதனால என்ன? நீங்க இருக்கீங்கல்ல?

— அந்தப் பெட்டியை இப்படித் தள்ளு.

— இது யாரு பெட்டி அத்தை?

— என்னோடதுதான். பூசான் பஸ்ஸு பத்தரைக்கு. என் பையன் அங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்கான். இந்தத் தாளை எழுத ஒருத்தி வர மாட்டாளான்னு நான் நாப்பத்தோரு வருஷமா காத்துக் கெடந்தேன், யங்ரான்.