வீமனின் பங்கு

வேட்டை நாய்க்குச் சோற்றைக் கையால் பிசைந்து வைக்க வேண்டும், ஐயா. கரண்டியால் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு அது வாலை ஆட்டும். காட்டுக்குள் அவன் சொல் கேட்காது. பொலிஸ் நிலையத்துக்குப் பின்னால் புளியமரத்தில் கட்டியிருக்கிறீர்களே வீமனை, அதற்கு உங்கள் ஆட்கள் கடைப் பாண் துண்டுகளைத் தூக்கி எறிகிறார்கள். இரண்டு நாளாக அது வாய் வைக்கவில்லை. யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை மிருக வைத்தியர் வந்து அதற்கு ஊசி போடப்போகிறார் என்று நேற்றுச் சொன்னீர்கள். அதனால்தான் திரும்ப எழுதச் சொல்லிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை நான் கொடுத்த வாக்குமூலத்தில், நாய்க்கு விசர் பிடித்து என் மகள் தேனுகாவைக் கடித்துக் கொன்றது என்று இருக்கிறது. மகள் செத்தது சரி. நாய்க்கு விசர் இல்லை. மற்றதெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

வீமனின் தாய் நாலு குட்டி போட்டது. பிடரியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். மூன்று சிணுங்கின. அவற்றை ஒரு உரப் பையில் போட்டுக் குளத்தில் விட்டேன். சிணுங்காத ஒன்றை வைத்துக்கொண்டேன். நெடுங்கேணிப் பக்கத்தில் பலர் இரக்கப்பட்டு எல்லாக் குட்டியையும் வளர்ப்பார்கள். பிறகு பன்றி வந்தால் வீட்டுக்குள் ஓடுகிற நாய்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதத்தில் வீமன் கோழி ஒன்றைக் கடித்தது. செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டிவிட்டேன். அது அழுகிப் புழுத்து விழும்வரை அவிழ்க்கவில்லை. அதற்குப் பிறகு கோழி அதன் முதுகில் ஏறி நின்றாலும் திரும்பிப் பார்க்காது. இதைக் கொடுமை என்று தேனுகா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவளுக்குச் சொன்னேன்.

எங்கள் வேட்டையில் ஒரு முறை இருக்கிறது. பன்றி விழுந்தால், ஈட்டிக்காரனுக்கு முன்னால், முதல் பிடித்த நாய்க்குப் பங்கு. ஈரலில் ஒரு துண்டை வெட்டி, அந்த இடத்திலேயே, சூடு ஆறமுன் கையால் ஊட்ட வேண்டும். அந்தப் பங்கைக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்தவனின் நாய் அடுத்த முறை பின்னால்தான் நிற்கும். நான் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒற்றைப் பன்றி ஒன்று வயலுக்குள் இறங்கியது. வீமன் காதைப் பிடித்தது. பன்றி தலையை ஒரு தரம் திருப்பியது, வீமனின் வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிட்டது. அப்படியும் காதை விடவில்லை. நான் ஈட்டியைப் பன்றியின் முன்னங்கால் கமக்கட்டுக்குள் மூன்று தரம் இறக்கினேன். இரத்தம் என் முகத்தில் அடித்துக் கண் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, குடலைக் கழுவி உள்ளே தள்ளி, நைலோன் நூலால் தைத்தேன். பதினேழு தையல். தேனுகா அதன் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்குகிற ஒவ்வொரு முறையும் அது அவளுடைய கையை நக்கியது. ஒரு மாதம் கஞ்சி பருக்கியவள் அவள்தான்.

அன்றைக்கு அவள் சொன்னாள், "அப்பா, வீமனிட்ட நீங்கள் காட்டுற அன்பில அரைவாசி என்னிலயும் காட்டினாப் போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவளில் எனக்கு அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாய் கடைசிச் சண்டையில் மாத்தளனில் செல் குண்டு விழுந்து செத்தபோது தேனுகாவுக்கு நாலு வயது. பிணத்துக்கு மேலே ஒரு சேலையைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்த உயிர் நான் காப்பாற்றிய உயிர். பிறகு வேறு கல்யாணமும் கட்டவில்லை. சமைத்தேன், தலை இழுத்துப் பின்னிவிட்டேன், பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் ஏற்றிப் போனேன். அவளுக்கு எது நல்லது என்று யோசிப்பதற்கு என்னைவிட வேறு ஆள் இருந்ததில்லை.

போன கார்த்திகையில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, நான் சுகிர்தனைத்தான் கட்டப்போறன். ஒளிச்சு மறைக்க ஒண்டுமில்லை."

"ஆர், ராசுவின்ர மோனையோ?"

"ஓம்."

"சரி பிள்ளை. யோசிப்பம்."

இவ்வளவுதான் கதை. நான் சத்தம் போடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றையும் மிச்சம் விடவில்லை.

ராசுவோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம். என் வயலில் இருபது வருடம் வேலை செய்திருக்கிறான். நல்ல மனிதன். என் வீட்டில் எத்தனையோ தரம் தேத்தண்ணீர் குடித்திருக்கிறான். அவனுக்கென்று ஒரு தகரப் பேணி, குசினிக்கு வெளியே, எப்போதும் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். மகன் சுகிர்தன் உழவு மெசின் ஓட்டுகிறவன். குடி இல்லை. மரியாதையான பிள்ளை. ஆனால் என் அப்பு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, பாம்புக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்து இந்தக் காணியை எடுத்தவர். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் மனிதன் என்ன செய்வான்? நான் சாதி பார்க்கிறவன் இல்லை, ஐயா. எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

வயல்வரம்பில் சுகிர்தன் கழற்றிப் போட்டிருந்த பெனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். வியர்வை காயாத பெனியன். பன்றித் தோலைச் சுருட்டி, நடுவில் ஈரல் துண்டை வைத்து, பெனியனால் சுற்றிக் கட்டினேன். தேக்கங்காட்டுக்குள் ஒரு கொப்பில், ஆளின் கழுத்து உயரத்தில் தொங்கவிட்டேன். "சூ" என்றால் வீமன் பாய்ந்து கிழிக்க வேண்டும், கிழித்தால் ஈரல் கிடைக்கும். முதல் நாலு நாள் அது மணந்து பார்த்துவிட்டு என் காலடியில் வந்து படுத்தது. மனித மணத்தின்மேல் பாய அது பழகவில்லை. சங்கிலியால் இரண்டு அடி போட்டுப் பட்டினி வைத்தேன். மூன்றாம் வாரத்தில், கட்டு நிலத்தில் விழமுன்னமே கிழிந்திருக்கும்.

சுகிர்தன் தினமும் காலை ஏழு மணிக்குத் தேக்கங்காட்டுப் பாதையால் மெசின் கொட்டிலுக்கு நடந்து போவான். வெள்ளிக்கிழமை ஆறரைக்கே நான் போய், ஒரு செடிப் பற்றைக்குப் பின்னால் வீமனோடு இருந்தேன். பொக்கற்றில், வாழையிலையில் சுற்றிய ஈரல் துண்டு இருந்தது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாதையில் ஆள் தெரிந்தது. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. தலையில் துணி. அந்தச் சட்டையை நான் சுகிர்தனில் நூறு தரம் கண்டிருக்கிறேன். முதுகுப்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. வீமனின் மூக்கு நிமிர்ந்தது. நான் "சூ" என்றேன்.

அது பின்னாலிருந்து பாய்ந்து தோளைப் பிடித்தது. ஆள் முகம் குப்புற விழுந்தது. தலைத்துணி கழன்று ஒரு பின்னல் வெளியே வந்தது.

களை பிடுங்கப் போகிற எங்கள் பெண்கள் வெயிலுக்கும் நெல் இலை கீறாமலும் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள். அப்படிப் போகிறவளை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. தேனுகா அவன் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தாள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் பிழை அது.

இதுவரைக்கும்தான், ஐயா, தவறுதல். இனித்தான் நாய்க்காக நான் சொல்ல வேண்டியது.

"வீமன், நான்தானடா," என்றாள். வீமன் உடனே வாயை எடுத்தது. காதை மடித்துக்கொண்டு, அவளுடைய தோளில் வழிந்த இரத்தத்தை நக்கத் தொடங்கியது. நான் பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். அவளுடைய பை அவிழ்ந்து கிடந்தது. இரண்டு சேலை, அடையாள அட்டை, தாயின் படம். களை பிடுங்கப் போகிறவள் தாயின் படத்தைக் கொண்டுபோவதில்லை.

அவள் என்னைக் கண்டாள். "அப்பா, நாயைப் பிடியுங்கோ," என்றாள்.

பிடித்திருக்கலாம். பத்து அடி தூரம். நான் படத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். "சூ" என்றேன்.

வீமன் அசையவில்லை. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை சங்கிலி அடி வாங்கிய நாட்களில் பார்த்த பார்வை. மூன்றாம் தரம் குரலை உயர்த்தி, அதன் பெயரையும் சொல்லிச் "சூ" என்றேன். அதற்குப் பிறகுதான் கழுத்தைப் பிடித்தது. அவள் கையால் அதன் வயிற்றைத் தள்ளினாள், நான் தைத்த இடத்தில். அது விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால்கள் நின்ற பிறகு நான் வீமனைக் கூப்பிட்டு, பொக்கற்றிலிருந்த ஈரலைக் கையால் ஊட்டினேன். அது தின்றது. சுகிர்தன் ஓடிவந்து அவளைத் தூக்கியபோது, வீமன் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவனுடைய மணம் அதற்கு மறந்துவிட்டது போல.

ஆகவே நாயில் பிழை இல்லை. அது அவளைத் தெரிந்து நின்ற நாய். மனமில்லாமல், எனக்காகச் செய்த நாய். அதைக் கொல்ல வேண்டாம் என்று எழுதுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன். என் வீட்டில் என் சொல் கேட்டது அது ஒன்றுதான்.