முன்பக்கத் தகடு

ஆறு வருசமா அந்தக் கதைய நான் நம்பலை சார். இப்பவாவது முழுசா நம்புறியான்னு கேட்டா... நீங்க ஆடுங்க, ஆடுங்க. பஸ்ல பக்கத்து சீட்ல ஒக்காந்து போன்ல நீங்க டேங்கு கேம் ஆடுறதப் பாத்ததும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. நானும் அதே கேம்தான். ஆவடி ஃபேக்டரில இருபத்தெட்டு வருசமா நெச டேங்குக்கு போல்ட்டு முடுக்குறேன். ஊட்டுக்கு வந்தும் டேங்கான்னு எம் பொண்டாட்டி ஞானகுமாரி கேப்பா. கேக்கட்டும்.

பால்ராஜுன்னு ஒருத்தன், என் செக்‌ஷன்தான். டெய்லி மத்தியானம் ரெண்டு பேரும் ஒரே மேசைல டிபன் பாக்ஸ் தொறப்போம். அவன் ஒரு நாள் இன்னா பண்ணான், கேம்ல மொத நாள் எல்லார்க்கும் சும்மா குடுப்பாங்களே, அந்த டப்பா டேங்க வெச்சிகினு என்னைக் காலி பண்ணிட்டான். என்னுது பத்தாம் லெவல் சார். நாலு வருசம் ஆடி ஆடி பாயின்ட் சேத்து, முன்னாடி தகடு மேல தகடா ஏத்தி வெச்சது. அவன் குண்டு பட்டா கொசு கடிச்ச மாரிகூட இருக்காது. எப்டிரா ஒடச்சன்னு கேட்டா, கேன்டீன்ல அத்தினி பேர் முன்னாடி என் பேரச் சொல்லி சிரிக்கிறான். "மேக்ஸு, பின்னாடி வந்தேன், சுட்டேன். நீ திரும்பவே இல்ல." அவ்ளோதானாம். தெறமையாம்.

நான் உட்டனா? ஏதோ கள்ள சாஃப்ட்வேர் போட்டுகீறான்னு அங்கயே சொன்னேன். அவன் மொகம் சுருங்கிச்சி. மறுநாள் டிபன் பாக்ஸத் தூக்கிகினு ஜன்னலோரம் பூட்டான். நானும் போய்க் கூப்புடலை. நமக்கும் ரோசம் கீதில்ல? ஆறு வருசம் சார். அவன் ஊட்ல வஞ்சிரம் வறுத்த நாள்லாம் வாசனை மட்டும்தான் இந்தப் பக்கம் வந்துது. அதுக்கப்பறம் கேம்ல யார்கிட்ட தோத்தாலும், தகடு பத்தலன்னு இன்னும் ரெண்டு ஏத்துவேன்.

போன ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து ஆடிகினு இருந்தேன். ஞானகுமாரி பின்னால நின்னு பாத்துட்டு, "இதையும் ஏன் வாசக் கேட்டப் பாத்தே நிறுத்துறீங்க, நம்ம ஸ்கூட்டர் மாரி?"ன்றா. எனக்கு ஒரு மாரி ஆயிடுச்சி. எங்க ஃபேக்டரி யார்டுல வண்டி மூஞ்சி எப்பவும் கேட்டப் பாத்துதான் நிக்கணும். அந்தப் பழக்கத்துல கேம்லயும் கேட்டு எங்க கீதோ அந்தப் பக்கம் திருப்பி நிறுத்திட்டு, தகடு கீது, எவன் இன்னா பண்ணிடுவான்னு குந்திகினு கீறேன். பின்பக்கம் தகடே இல்லாம தொறந்து கெடக்கு. என்கூட அதே யார்டுல வண்டி நிறுத்துறவனுக்கு, நான் எங்க நிப்பேன்னு தெரியாதா?

இன்னா சார், எழுந்துட்டீங்க? நீங்க டிக்கெட் எடுத்த காட்டுப்பாக்கம் இன்னும் தூரம் கீது, ஒக்காருங்க. பால்ராஜுக்கு இந்த மாசத்தோட ரிட்டயர்மென்ட்டு. இன்னிக்கு மத்தியானம் டிபன் பாக்ஸோட நானே ஜன்னலோரம் போனேன். சாரி கேக்கணும்னுதான் போனேன், வாய் வர்ல. அவன் ஒரு மீன் துண்ட எடுத்து என் சோத்து மேல வெச்சான். அப்பதான் கேட்டேன்.

"ஏன்டா பால்ராஜு, நீ பூட்டன்னா, பின்னாடி வந்து சுட எனக்கு யார்ரா கீறான்?"