செருப்பில்லாத பதினைந்து நாள்

என் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மன்றத்துச் செயலாளர் ரமேஷ்குமார் தம்பி தாராவியில் என் ஒற்றை அறைக் கோலிக்கே வந்து, "அக்கா, இந்த வருசம் ஆண்டு மலர்ல நீங்க எழுதணும். தலைவர எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு ரெண்டு பக்கம், போதும். உங்க கையெழுத்தையே ஸ்கேன் பண்ணிப் போடுவோம், அதான் ஃபீலிங்கா இருக்கும்" என்றார். ஆகஸ்ட் பதினைந்து விழாவில் எனக்குப் பொன்னாடையும் உண்டு என்றார். சந்தோஷம். கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

ரமேஷ்குமார் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் மணிமணியாகப் பேசுவார், வாசிக்க வராது. இரண்டு பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார், ஸ்கேன் செய்வார், அவ்வளவுதான். மலரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரைக்கும் வரி விடாமல் வாசிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் எங்கள் தலைவர் வேலுச்சாமி அண்ணாச்சி. இது அவருக்காக எழுதுவது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சியைப் பற்றி ஒரு பொல்லாப்பும் சொல்ல முடியாது. கிங்ஸ் சர்க்கிளில் பாத்திரக் கடை. எல்லை வீரர் துணை மன்றத்தை அவர்தான் ஆரம்பித்தார். அடிபட்டு வந்த பட்டாளத்துக்காரர்கள், புருஷனை இழந்த பெண்கள் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு மன்றம் கை கொடுத்திருக்கிறது. வசூலில் ஒரு ரூபாயைக்கூட அவர் தொட்டதில்லை. நான் சாட்சி சொல்லுவேன்.

அவருக்கு ஒரு விரதம் உண்டு. ஆகஸ்ட் முதல் தேதி செருப்பைக் கழற்றினால் பதினைந்தாம் தேதி கொடியேற்றிய பிறகுதான் போடுவார். அந்தப் பதினைந்து நாளும் கழுத்தில் உண்டியலை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மாட்டுங்கா, செம்பூர், வாஷி என்று கடை கடையாக ஏறி இறங்குவார். "நம்ம பயலுவ பனியில நிக்கானுவ. நான் செருப்பில்லாம நின்னா செத்தா போவேன்?" என்பார். ஆகஸ்ட் மழையில் கிங்ஸ் சர்க்கிளில் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் நிற்கும்போதும் அதில் இறங்கி நடப்பார். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும். உண்டியல் நிறையும்.

என் மகன் மாரிசெல்வத்தை உங்களுக்குத் தெரியும். பார்க்காதவர் யார்? எல்லையில் கண்ணிவெடி மிதித்து, வலது கால் முட்டிக்குக் கீழே போய் வந்தான். அப்போது இருபத்தாறு வயது. மன்றம்தான் அவனுக்கு நல்ல செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தது. நான் நன்றி கெட்டவள் இல்லை. அந்தக் காலை மாட்டிக்கொண்டு என் பிள்ளை ஆறு மாதம் நடை பழகினான். கோலிக்கும் தெருமுனைக்கும், அப்புறம் தெருமுனைக்கும் மாட்டுங்காவுக்கும். கடைசியில் பேன்ட் போட்டு நடந்தால் ஒரு ஆளுக்குத் தெரியாது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் யாரிடமும் சொல்லவில்லை. பூமாரி என்று ஒரு பிள்ளை அவனோடு பஸ்ஸில் வருவாள். அவளிடமும் சொல்லவில்லை. "நானே ஒரு நாளு சொல்லுதேன்மா, நீ வாயத் தொறக்காத" என்றான். அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்த நடை ஒன்றுதான்.

வேலையில் சேர்வதற்கு முன்பே விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் வருஷம் செம்பூரில் ஒரு பள்ளி மைதானம். மேடைக்குப் பின்னால் அண்ணாச்சி அவன் தோளில் கை போட்டார்.

"லேய் மாரி, இப்படி ஜம்முனு நடந்து வந்து நின்னா, இவனுக்கு என்ன கொறன்னு ஜனம் கேக்கும்லா? கால கழத்திட்டு வந்து ஒரு நிமிசம் நில்லு. ஒனக்காவ இல்ல, மத்த பயலுவளுக்காவ."

மத்தவர்களுக்காக என்றால் என் பிள்ளை எதையும் செய்வான். அதற்குத்தானே பட்டாளத்துக்கே போனான். கட்டையை ஊன்றி மேடையில் நின்றான். வலது பேன்ட் முட்டிக்கு மேலே மடிந்தது. மைக்கில் அண்ணாச்சியின் குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் பெண்கள் வளையலைக் கழற்றிப் போட்டார்கள். மறு வருஷமும் கூப்பிட்டார்கள். நாலு வருஷம் நடந்தது.

நாலாவது வருஷம் அந்த முட்டியைப் படமெடுத்து கிங்ஸ் சர்க்கிளில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மாரியும் பூமாரியும் வந்த பஸ் அதற்கு எதிரேதான் சிக்னலில் நின்றது. கீழே பேர் போட்டிருந்தது. பூமாரி பரிதாபமாகப் பார்த்தாளாம். மறுநாள் காலையில் கட்டிலுக்கடியில் கால் மட்டும் இருந்தது. பத்து மணிக்கு ரயில்வே போலீஸ் கூப்பிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணாச்சி வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். போகும்போது அந்தச் செயற்கைக் காலைக் கேட்டார். கொடுத்தேன். அடுத்த விழாவில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஜா மாலையோடு மேடை நடுவில் இருந்தது. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கைதட்டும்போது நானும் தட்டினேன்.

அதன்பிறகு எனக்குத் தன் வீட்டிலேயே வேலை கொடுத்தார். சமையல், மேல்வேலை. அவர் மனைவி விஜயலட்சுமி மதினிக்கு மூட்டுவலி, குனிய முடியாது. அண்ணாச்சிக்கு இருபது வருஷச் சர்க்கரை. போன ஆகஸ்ட் விரதத்தின்போது, தினமும் அலைந்து வந்ததும் வெந்நீரில் அவர் காலைக் கழுவித் துடைப்பது என் வேலை. ஐந்தாம் தேதி வலது உள்ளங்காலில் தகரத் துண்டு ஒன்று ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

"வலி ஒண்ணும் இல்லயே தாயி."

"சின்னக் கீறல்தான் அண்ணாச்சி. நான் கட்டுப் போட்டுவிடுதேன்."

"டாக்டர்ட்ட போனா செருப்புப் போடச் சொல்லுவான். விரதம் கெட்டுரும். நீ பாத்துச் சொல்லு, போதும்."

தன் உள்ளங்காலைத் தானே பார்க்க அவரால் முடியாது, தொப்பை இடிக்கும். மதினி பார்த்தால் மயங்கி விழுவாள். ஆக, அந்தக் காலைப் பார்க்க உலகத்தில் என் இரண்டு கண்தான் இருந்தது.

எனக்குக் கட்டுப் போடத் தெரியும். மாரி ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்தார். எந்த நிறம் வந்தால் பயப்பட வேண்டும், எந்த வாடை வந்தால் அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒன்றையும் மறக்கவில்லை. அந்த நிறம் எட்டாம் தேதி வந்தது. வாடை பத்தாம் தேதி வந்தது. சாம்பிராணி போட்டேன். தினமும் அவர் ஒரே கேள்வி கேட்பார், நான் ஒரே பதில் சொல்வேன்.

"எப்படி இருக்கு தாயி?"

"ஆறிக்கிட்டு வருது அண்ணாச்சி."

விரதம் முடிந்து செருப்பு போட்டுக்கொண்டார். அப்போதாவது டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். "காஞ்சிருச்சு அண்ணாச்சி, இனி எதுக்கு?" என்றேன். இருபதாம் தேதி காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தொடை வரைக்கும் எடுத்தார்கள். யார் கட்டுப் போட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ இல்லன்னா நான் செத்திருப்பேன் டாக்டர்" என்றார்.

சாக விடுவது என் எண்ணம் இல்லை. செத்துவிட்டால் அவருக்கு என்ன தெரியப் போகிறது? ஒரு காலோடு இருந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. நடந்தது.

இந்த வருஷ விழாவில் தலைவரே தன் காலைக் காட்டினால் வசூல் பக்கா என்று ரமேஷ்குமார் சொன்னார். அண்ணாச்சி முதலில் மறுத்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "எல்லாரும் பாப்பாவளே தாயி" என்று என்னிடம் அழுதார். நான் அவர் தோளில் கை வைத்து, "ஒரு நிமிசந்தான் அண்ணாச்சி. மத்த பயலுவளுக்காவ" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சரி என்றார்.

நிகழ்ச்சி நிரலில் முதலில் கால், கடைசியில்தான் மலர் வெளியீடு. முதல் பிரதி தலைவர் கைக்குப் போகும். அதன்பிறகு போலீசுக்குச் சொல்ல நினைக்கிறவர்கள் சொல்லலாம். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

இரண்டு பக்கம் முடியப் போகிறது. ஒன்று மட்டும் மிச்சம். அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம் மாரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"மேடையில அண்ணாச்சி தூர நின்னு மைக்குலதான் பேசுனாரு. கிட்டகூட வரல. நாலு வருசமும் என் பேன்ட்ட மடிச்சுவிட்டது நீதான. நீ ஏம்மா மடிச்ச?"

"கால் வாங்கிக் குடுத்தவுங்க சொல்லும்போது எப்படில மாட்டேங்கது?" என்றேன். அவன் தலையாட்டினான். சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். நான் சொன்னதில் என்ன தப்பு? இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பதினைந்தாம் தேதி மேடையில் அண்ணாச்சியின் வேட்டியை விலக்கிக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று ரமேஷ்குமார் யோசித்தார். நானே செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பழகின வேலைதான்.

இப்படிக்கு,
சங்கரேஸ்வரி