யார் பேரும் இல்லாத கடுதாசி

— கதவைச் சாத்திட்டு வந்து பேசு அம்மணி. வெளிய தறிக்காரங்க உக்காந்திருக்காங்க.

— தெறந்தே இருக்கட்டுங்க சார். ஹாம்பர்க்குக்குப் போன இந்தக் கடுதாசிய நான் டைப் அடிக்கலீங்க. ஆரு அடிச்சது?

— அது எங்க கெடச்சுது உனக்கு?

— ஃபைல்லதானுங்க. எட்டு வருசமா அந்த ஃபைலப் பாக்கறவ நான். என்ற கண்ணுல படாதுன்னு நெனச்சுட்டீங்களா?

— நாந்தான் ஒத்தை வெரல்ல அடிச்சேன். உன்னைய அடிக்கச் சொல்ல மனசு வரலை.

— அடிக்க மட்டும் மனசு வந்துருச்சாக்கும்! "சாயம் போகுதான்னு பாக்கற லேப் ரிப்போர்ட்டை எங்க கிளார்க் உம்மல் குல்சும் மறைச்சு வெச்சதால, பெட்ஷீட் டெஸ்ட் இல்லாமக் கப்பலேறிருச்சு"ன்னு என்ற பேரப் போட்டு இங்கிலீசுல பச்சையா எழுதியிருக்கறீங்க. ரிப்போர்ட் இன்னும் வரலீங்க, ரெண்டு நாள் பொறுங்கன்னு இதே மேசைக்கு முன்னால நின்னு கெஞ்சுனனே! கப்பல் போயிரும், லோடு ஏத்துங்கன்னு சொன்னது ஆருங்க?

— நாந்தான். இல்லைங்கல. தண்ணி குடி கண்ணு.

— தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சேந்த அன்னிக்கு என்ன சொன்னீங்க? "இவரு அனுப்புனாரு, அவரு மறந்துட்டாரு"ன்னெல்லாம் எழுதப்படாது அம்மணி. "த கூட்ஸ் வேர் டெஸ்பாட்ச்ட், எ மிஸ்டேக் வாஸ் மேட்"னு பாஸிவ் வாய்ஸ்ல எழுதோணும். சரக்கு போச்சு, தப்பு நடந்துச்சு, அதோட நிறுத்து, ஆரு பேரும் வரப்படாதுன்னீங்க. உங்க மச்சான் சுந்தரராஜுலு, துண்டு கேட்டவனுக்குத் தலகாணி உறை அனுப்புனப்பவும் அப்படித்தான எழுதினேன்? அந்த மொறை எனக்கு மட்டும் இல்லீங்களா?

— பெட்ஷீட்டுல சாயம் போயிருச்சுன்னு ஜெர்மன்காரன் விட மாட்டேங்கறான். "தப்பு நடந்துச்சுங்கற கதையெல்லாம் போதும், செஞ்சது ஆரு, பேரு சொல்லு, இல்லாட்டி இனி ஆர்டரே இல்லை"ன்னு ஃபேக்ஸ் அடிச்சுட்டான். மொதலாளி என்னையப் பாத்தாரு.

— நீங்க திரும்பி என்னையப் பாத்தீங்க.

— எனக்கு அம்பத்தாறு வயசு. ரிட்டயர்டு ஆவறதுக்கு ரெண்டு வருசம். இப்பப் பேரு கெட்டா நான் எங்க போவேன், நீயே சொல்லு.

— எனக்கு மட்டும் வேற ஊரு இருக்குதுங்களா? கோயமுத்தூர்ல எக்ஸ்போர்ட் ஆபீஸுக்காரங்க அத்தனை பேரும் ஒருத்தருக்கொருத்தரு தெரிஞ்சவங்க. ரிப்போர்ட்டை மறைச்சவள்னு ஒருக்கா பேராயிட்டா எவனும் என்னையப் படியேத்த மாட்டான். எங்க அத்தா மௌத்தானப்ப கோட்டைமேட்டு ஊட்டுக்கு வந்து, "எம் மகளாட்டம் பாத்துக்கறேன்"னு எங்கம்மாகிட்டச் சொன்னது நீங்கதான? அதை நம்பித்தான ஈரோட்டுல கெடச்ச வேலைய வேண்டாம்னேன்.

— சாமி சத்தியமாச் சொல்றேன், அந்தப் பேரு கடலுக்கு அந்தப் பக்கமே இருந்துக்கும். இங்க ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. உன்ற சீட்டு உன்றதுதான். நான் இருக்கற வரைக்கும் எவனும் கை வெக்க முடியாது.

— நெசமாலுங்களா?

— நெசமா. இந்தத் தாள்ல மட்டும் ஒரு கையெழுத்துப் போடு. தப்பு என்னோடதுன்னு ரெண்டே வரி. மொதலாளி ஃபைல்ல கெடக்கும், அவ்வளவுதான்.

— அதுக்கும் என்ற பேருதானா... தம்பி அனீசு பாலிடெக்னிக் முடிக்க இன்னும் ஒரு வருசம் கெடக்குது. ஊட்டுக்காவத்தான் போடறனுங்க, உங்களுக்காவ இல்லை. இந்தாங்க.

— நல்ல புள்ள.

— ஏனுங்க வரதராஜுலு சார், உள்ள வரலாமுங்களா? பேப்பர் ஆபீஸ்ல இருந்து வாரனுங்க. காலையில குடுத்த "ஆள் தேவை" வெளம்பரத்துல ஒரு சந்தேகமுங்க.

— அப்பறம் வாப்பா. நாளைக்கு வா.

— இன்னிக்கே அச்சுக்குப் போவோணுமுங்களே.

— எங்கிட்டக் கேளுங்கண்ணா. அதை நாந்தான் அடிச்சேன், "அப்ளிகேசன்ஸ் ஆர் இன்வைட்டட்"னு. திருப்பூர்ல புதுசாத் தொறக்கற ஆபீஸுக்குன்னு சார் சொன்னாரு. என்ன சந்தேகமுங்க?

— அடிச்சதெல்லாம் சுத்தமா இருக்குதம்மா. கீழ மட்டும் சார் பென்சில்ல, "குல்சும் இடத்துக்கு, மொதலாளி பார்வைக்கு"ன்னு எழுதியிருக்காரு. அந்தப் பேரையும் சேத்து அச்சுல போட்டறதுங்களா?