பலகையில் எழுதாத வேலை

அக்கா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். எங்கள் உரக்கிடங்கு மேஸ்திரி காணாமல் போனது உன் காதுக்கும் வந்திருக்கும். அதைச் சொல்லத்தான் இது. அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

வேலை சுலபம். காய்ந்த இலை, காய்கறிக் கழிவு, சாணம் எல்லாவற்றையும் மாடி உயரத்துக்குக் குவிப்போம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்னத் தின்னக் குவியல் கொதிக்கும். ஆறியபின் கறுப்பாக, பொலபொலவென்று, மழை வாசத்தோடு மண்ணாகி நிற்கும். எது இலை, எது தோல் என்று யாராலும் பிரிக்க முடியாது. அத்தனை பாரபட்சமில்லாத பொருள்.

மூன்று வாரம் அதைக் கிளறக்கூடாது. கிளறினால் சூடு போய்விடும். அவசரமென்றால் மேஸ்திரி பலகையில் தேதிக்கு நேரே எழுத வேண்டும். போன மாதம் என்னை வாயால் சொல்லித்தான் கிளறவைத்தார். குவியல் ஆறிப்போனதும் முதலாளி முன்னால், "நான் எங்கடா சொன்னேன்? பலகையைக் காட்டு. இனிமே அதுல எழுதாம மண்வெட்டியைத் தொட்டே, ஊருக்கு மூட்டை கட்ட வச்சிடுவேன்" என்றார். அப்பா வைத்தியம் இந்த வேலையில் தொங்குகிறது. தலையாட்டினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மற்றவர்கள் லாரியோடு இலை அள்ளப் போயிருந்தார்கள். சூடு பார்க்கக் கம்பியைக் குத்திய மேஸ்திரி மேல் குவியல் சரிந்தது. கழுத்துவரை புதைந்தார்.

"தம்பி, தோண்டுடா."

"பலகையில எழுதலையே அண்ணே."

"விளையாடாதடா. உள்ள வேகுது."

"வாயால சொன்னா செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அன்றுதான் முதல்முறையாக என்னைத் தம்பி என்றார். மனசு குளிர்ந்துவிட்டது. ஓடிப்போய்ப் பலகையையும் சுண்ணக்கட்டியையும் எடுத்து வந்தேன். அவர் கை இரண்டும் உள்ளே மாட்டியிருந்தன. அதற்கு நான் என்ன செய்ய?

சரிந்த இடத்தில் ஆவி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. பிளந்தால் காய்ந்த இலை போட்டு மூடு என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம். மூடினேன். நாலு கூடை பிடித்தது. மூன்றாவது கூடைவரை என் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் பதில் பேசவில்லை, பெரியவர் அல்லவா.

இன்றோடு மூன்று வாரம். பலகையில் 'கிளறவும்' என்று முதலாளியே எழுதியிருக்கிறார். ஆட்கள் மண்வெட்டியோடு போகிறார்கள். ஆள் இன்னும் மண்ணாகியிருக்க மாட்டார், கத்தத்தான் போகிறார்கள். கத்தட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தைக் காட்டுவேன். அது வெறுமையாகத்தான் இருக்கிறது, அக்கா. என் மேல் ஒரு தப்பும் இல்லை.