சிப்பிக்கு மூடி போடணுமா?

— இன்னும் திறக்கலக்கா. எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கிட்டு என்னையே முறைக்குது.

— பொறு ஐஸ் கம்பெனிப் பொண்ணே, பொறு. சிப்பின்னா சும்மாவா? தண்ணி கொதிக்குதா?

— ஊத்தினதே அடியில ரெண்டு விரல் தண்ணி, அதுவும் கொதிச்சுக் கொதிச்சுப் பாதி வத்திப்போச்சு. சமையக்கட்டு பூரா ஆவி. உங்க ஜன்னலே கண்ணுக்குத் தெரியல.

— என் ஜன்னல் எங்க போயிடப் போகுது, நடுவுல அஞ்சடி சந்துதானே. மூடி மட்டும் போட்டுடாத, நான் சொல்றேன்ல.

— மீன்காரம்மா மூடி வெச்சு வேக வைன்னாங்களே.

— விக்கிறவங்களுக்கு விக்கத்தான் தெரியும். உப்புத் தண்ணியில ஊற வெச்சியா? மண்ணைக் கக்குச்சா?

— கக்குச்சு. காலையில வாளியில போட்டுட்டு வேலைக்குப் போனேன். வந்து பாத்தா அடியில ஒரு பிடி மண்ணு. இன்னிக்கு உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்.

— பாத்தியா, பாதிக் கிணறு தாண்டிட்ட.

— என்னமோ போங்க. பாதிக் கிணறு தாண்டினவ உள்ளதான் விழணும். இதுவும் சொதப்பினா நான் கெளம்பிடுவேன்க்கா. விளையாட்டுக்குச் சொல்லல. பழைய ஊரு ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்காம். போறேனா இல்லையான்னு நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட சொல்லணும்.

— ஒரு சிப்பிக்காகவா ஊரை விட்டுப் போவாங்க?

— சிப்பிக்காக இல்ல. ஆபீஸ்ல என்கிட்ட பேசுறதெல்லாம் எத்தனை பாளம் ஐஸு, எந்த வண்டிக்கு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா நாலு சுவரு. நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் படுத்துடறேன். கடலோரம் வந்துட்டோமே, இங்க கெடைக்கிறதைச் சமைக்கவாவது கத்துக்குவோம், அப்பவாவது நம்ம ஊரு மாதிரி ஆகுமான்னு பாத்தேன். கணவாய் வாங்கினேன், செருப்புத் தோலாச்சு. மீனைப் போட்டேன், கிண்டிக் கிண்டிக் கஞ்சியாச்சு. இறாலு வெட்டிப் போட்ட நகம் மாதிரி சுருண்டு கெடந்துச்சு. மாடிப்பூனைக்கு வெச்சேன், மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.

— பூனைக்கு என்ன தெரியும்.

— அதுக்குத் தெரியலைன்னா வேற யாருக்குக்கா தெரியும்? நீங்க பக்குவமாத்தான் சொல்லிக் குடுக்குறீங்க. எனக்குத்தான் கை ராசியில்ல. இந்த ஊரு எனக்கு ஒத்து வரல, அவ்வளவுதான்.

— உன் கையைக் குறை சொல்லாத. கேக்கவே கஷ்டமா இருக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாரேன்.

— ஊத்தினா ரசமாயிடும். இருங்க, ஒரு தடவை மூடித்தான் பாக்குறேன். இதுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு?

— மூடாதன்னு சொன்னேன்ல.

— மூடிட்டேன். உங்க தையல் மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க, ஒண்ணுமே கேக்கல. ... அக்கா, உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம்.

— திறக்குதா?

— திறந்துடுச்சுக்கா. எல்லாம் ஆன்னு வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. உள்ள மஞ்சளா, குட்டி நாக்கு மாதிரி.

— வாயில போடு. போட்டுட்டுச் சொல்லு.

— ஸ்ஸ், சூடு. ... அக்கா.

— சொல்லு. அவசரப்படாம சொல்லு. எப்படி இருக்கு?

— மெத்துன்னு இருக்கு. முதல்ல உப்பு. அப்புறம் கடைசியில ஒரு சின்ன இனிப்பு வருது. உங்களுக்குத் தெரியாததா, என்னைக் கேக்குறீங்க? இருங்க, கிண்ணத்துல போட்டு எடுத்துட்டு வரேன். இந்த உசரத்து ஜன்னல்ல உங்க குரலும் வளையல் சத்தமும்தான் வருது, மூஞ்சியை ஒரு நாள்கூடப் பாக்கல. இன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடலாம்.

— வேணாம்.

— ஏன், சாப்பிட்டாச்சா?

— கொண்டு வராத. எனக்கு ஆகாது.

— சிப்பியா?

— கடல்ல வர்ற எதுவுமே ஆகாது. ஒரு வாய் போட்டாலும் முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டிரும். சின்ன வயசுலேர்ந்தே. வாசனை பிடிக்கிறதோட சரி.

— அப்போ கணவாயை அரை மணி நேரம் வேக வைன்னு சொன்னது?

— உனக்கு முன்னாடி அந்த வீட்டுல ஒருத்தி இருந்தா. அவளும் உன்னை மாதிரி வெளியூருதான். தெனம் அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் சமைப்பா. நான் இங்க தைச்சுக்கிட்டே காதைக் குடுத்திருப்பேன்.

— அவங்க அம்மா சரியாத்தானே சொல்லியிருப்பாங்க?

— அம்மா சொல்றது எனக்கு எங்க கேக்கும்? இவ கேக்குறது மட்டும்தான் கேக்கும். 'அரை மணி நேரம் வேகணுமாம்மா?'ம்பா. 'நல்லாக் கிண்டட்டுமா?'ம்பா. 'மூடாம வேகுமா?'ம்பா. பதிலை நானாப் போட்டுக்கிட்டேன்.

— எல்லாத்துக்கும் ஆமான்னு.

— எல்லாத்துக்கும் ஆமான்னு.

— என்னக்கா இது. என் கைதான் சரியில்லைன்னு உக்காந்து அழுதிருக்கேன். கெளம்பறதுக்குப் பெட்டியைக்கூட எறக்கி வெச்சுட்டேன். எனக்குத் தெரியாதும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இல்ல, அவகிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?

— அவகிட்ட நான் பேசினதே இல்ல. ரெண்டு வருஷம். அவ போன்ல சிரிச்சா நானும் இங்க சிரிச்சுக்குவேன். இன்னிக்குப் பேசிடலாம், நாளைக்குப் பேசிடலாம்னே ஓடிப்போச்சு. ஒரு நாள் பாத்தா பாத்திரச் சத்தமே இல்ல, காலி பண்ணிட்டுப் போயிட்டா. அப்புறம் அந்த ஜன்னல் சாத்தியே கெடந்துச்சு. நீ வந்த புதுசுல ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு, இந்தக் கணவாயை என்னதான் பண்றதுன்னு தனியாப் புலம்பிக்கிட்டிருந்த. தெரியாதுன்னு சொன்னா பேச்சு அதோட முடிஞ்சுடுமேன்னு பயந்துட்டேன்.

— ...

— ஐஸ் கம்பெனி? ... அடுப்பை அணைச்சுட்டியா? கோவம் வரத்தான் செய்யும். போறதுன்னா போ, நான் குறுக்க நிக்கல. சொல்லாம மட்டும் ஜன்னலைச் சாத்திடாத. ... இருக்கியா? ... யாரு அது, இந்நேரத்துல கதவைத் தட்டுறது?

— நான்தான்க்கா. சோப்புப் போட்டு நல்லாக் கை கழுவிட்டு, வாயையும் கொப்பளிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். வெறும் தட்டோட நிக்குறேன், திறங்க.